மாலை ஆறு மணிக்குப் பார்க்க வேண்டிய இடம்: வட சென்னையில் மூன்று மறதிநோய்ப் பராமரிப்பு இல்லங்கள்

முதியோர் இல்லம் பார்க்கப் போகிறவர்களைப் பெரும்பாலும் காலை பதினோரு மணிக்கே வரச் சொல்கிறார்கள். குளியலும் சிற்றுண்டியும் முடிந்து, தரை துடைத்த ஈரம் காய்ந்து, பெரியவர்கள் தலை வாரி, நெற்றியில் திருநீறோ பொட்டோ இட்டு, கூடத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் நேரம் அது. மறதிநோய் முற்றிக்கொண்டிருந்த என் அத்தைக்காக நான் பார்த்த மூன்று இல்லங்களையும் முதன்முதலில் அந்த வேளையில்தான் பார்த்தேன். மூன்றும் நல்ல இடங்களாகவே தெரிந்தன. ஒன்று எங்களுக்குப் பொருந்தாது என்பதும், இன்னொன்றிலிருந்து ஒன்பதாம் நாளே அத்தையை அழைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதும், மூன்றாவதில் அவரை நம்பி விடலாம் என்பதும் எனக்கு விளங்கியது அந்தி சாயும் நேரத்தில் போய்ப் பார்த்த பிறகுதான். அத்தை அந்த மூன்றாவது இல்லத்துக்குப் போய்ப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இல்லங்களின் பெயர்களை நான் எழுதவில்லை. குறை சொல்லப் போகும் இடத்தின் பெயரை மறைத்துவிட்டுப் பாராட்டப் போகும் இடத்தின் பெயரை மட்டும் சொல்வது விளம்பரமாகிவிடும் என்பதால், மூன்றையும் ஊர்ப்பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

அத்தை என் தந்தையின் தங்கை. திருமணம் செய்துகொள்ளாதவர், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியையாகத் தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் 33 ஆண்டுகள் பணியாற்றியவர், என்னையும் என் தம்பியையும் படிக்க வைத்ததும் அவர்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் தனியாக இருந்த அவரை, அடுப்பை அணைக்க மறந்தது இரண்டாம் முறையும் நிகழ்ந்த பிறகு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் முப்பது மதிப்பெண்ணுக்கு வைக்கப்படும் நினைவாற்றல் சோதனையில் அவர் பதினான்கு வாங்கினார். கேள்விகளை முடித்துவிட்டுத் தாளை மடித்த இளம் மருத்துவரிடம், "என்ன தம்பி, பாஸா?" என்று கேட்டார். அந்த மருத்துவர் ஒரு கணம் தடுமாறி, "பாஸ்தான் டீச்சர்" என்றார். பிற்பாடு இல்லங்களில் ஊழியர்கள் பேசுவதைக் கவனிக்கும்போதெல்லாம் அந்தப் பதிலோடுதான் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இல்லம் தேடும் முன் நோய் எதுவென்று உறுதி செய்துகொள்வது அவசியம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, எப்போதோ விழுந்ததில் மண்டைக்குள் மெல்லச் சேர்ந்துவரும் இரத்தக் கட்டு ஆகியவையும் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. நேற்று வரை சரியாக இருந்தவர் இரண்டே நாளில் ஆளை அடையாளம் தெரியாமல் பேசத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றையோ உப்புச்சத்துக் குறைவையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அத்தைக்கு எல்லாச் சோதனையும் செய்து, மூளை ஸ்கேனும் எடுத்து, அல்சைமரும் இரத்தக் குழாய்ப் பாதிப்பும் கலந்த மறதிநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபதாண்டுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் தம் பங்கைச் செய்திருந்தன.

இரண்டரை ஆண்டுகள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஒரு விடியற்காலையில் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியேறி, மின்ட் பேருந்து நிலையத்தில் பள்ளிக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருந்த அவரை, அவரிடம் படித்த ஓர் ஆட்டோ ஓட்டுநர் அடையாளம் கண்டு அழைத்து வந்தார். நானும் அறுபதைத் தாண்டியவள். இரவில் நான்கு முறை எழுந்து ஆறு மாதம் ஓடியதில் என் முதுகு ஒடிந்துபோயிற்று. "பெற்ற பிள்ளை இல்லையல்லவா, அதனால்தான் கொண்டுபோய் விட்டுவிட்டாள்" என்று உறவினர் சிலர் பேசியது என் காதுக்கும் வந்தது. அவர்களில் ஒருவரும் ஓர் இரவுகூடத் துணைக்கு வந்து படுத்ததில்லை. 2023இல் வெளியான இந்திய ஆய்வொன்று, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாகக் கணக்கிட்டிருக்கிறது. அத்தனை வீடுகளிலும் பெற்ற பிள்ளைகள் முறை வைத்துக் கண்விழிக்கிறார்கள் என்று நான் நம்பவில்லை. வீட்டுக்கு வெளியே ஆதரவு தேடுவது எங்கள் பகுதிக்குப் புதிதும் அன்று. ஸ்டான்லியை இன்றும் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்களே, அந்தக் கஞ்சித் தொட்டி 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஆதரவற்றோருக்காக ஏற்பட்டது. அதிலிருந்து வளர்ந்ததே, ஆதரவற்றோர் தங்கும் இடமான மணியக்காரர் சத்திரம்.

நான் திரட்டிய பட்டியலில் மறதிநோய்க்கென்றே நடத்தப்படுவதாகச் சொல்லிக்கொண்ட இல்லங்களில் பெரும்பாலானவை பழைய மகாபலிபுரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருந்தன. படங்களில் புல்வெளியும் நீரூற்றும் அழகாக இருந்தன. ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போய்வர அரை நாள் ஆகும். மாதம் ஒரு முறை, அதுவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். எந்த நேரத்தில் வருவாளோ தெரியாது என்ற நினைப்பை ஊழியர்களுக்கு ஏற்படுத்தும் உறவினர் ஒருவர் அருகில் இருப்பது, நீரூற்றைவிடப் பெரிய பாதுகாப்பு. எனவே என்னால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய இடங்களை மட்டுமே பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதலாவது கொளத்தூர் இல்லம். இரண்டு மாடித் தனி வீடு, ஒன்பது பெரியவர்கள், மாதம் 22,000 ரூபாய். நடத்துபவர் ஓய்வு பெற்ற செவிலியர். தன் மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில் தொடங்கியதாகச் சொன்னார். அவர் பேச்சில் பாசாங்கு இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதையும், கீழ்த்தளத்தில் இருந்தவர்களை நாற்காலியோடு தூக்கி மாடியில் வைத்ததையும், இரண்டு நாள் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும் நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார். இப்படிச் சொல்லத் துணிகிறவரை நம்பலாம் என்று தோன்றியது. ஆனால் மாலையில் போனபோது அந்த அம்மாள் சமையலறையில் இரவு உணவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஓர் ஆயா மட்டுமே கூடத்தில் இருந்தார். மாடிப்படிக்குத் தடுப்புக் கதவு எதுவும் இல்லை. ஒரு தாத்தா நான்காம் படியில் நின்றுகொண்டு, கீழே வருவதா மேலே போவதா என்று தெரியாமல் கைப்பிடியைப் பற்றியிருந்தார். ஆயா இன்னொருவரைக் கழிவறைக்கு அழைத்துப் போயிருந்ததால், நான்தான் அவரைக் கைபிடித்து இறக்கினேன். மறதி தொடக்கநிலையில் உள்ள, அலைந்து திரியாத ஒருவருக்கு இந்த வீடு பொருந்தும். சமையலின் மணமே வீடு போல இருந்தது. விடியற்காலையில் பேருந்துக்குக் கிளம்பும் அத்தைக்கு அது போதாது.

இரண்டாவது மாதவரம் இல்லம். மூன்று மாடிப் புதுக் கட்டடம், மின்தூக்கி, ஜெனரேட்டர், ஒவ்வொரு கட்டிலுக்கும் அழைப்பு மணி, கூடத்தைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளும்படி கேமரா வசதி. மாதம் 45,000 ரூபாய், ஒன்றரை லட்சம் முன்பணம். வழவழப்பான வெள்ளைத் தரையைப் பார்த்து நான் மயங்கியது உண்மை. அந்தத் தரை ஒரு குறை என்பது பிறகுதான் புரிந்தது. மறதிநோயாளிகளுக்கு ஆழமும் தூரமும் சரியாகப் பிடிபடுவதில்லை. பளபளக்கும் தரையை அவர்கள் தண்ணீர் தேங்கி நிற்பதாக நினைத்துத் தயங்குகிறார்கள், கறுப்பு மிதியடியைப் பள்ளமென்று எண்ணித் தாண்ட முயல்கிறார்கள். அத்தை அந்தக் கூடத்தில் புடவையைக் கணுக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். அழைப்பு மணியும் அப்படித்தான்: அழைக்க வேண்டும் என்ற நினைவு இருப்பவருக்குத்தான் மணி பயன்படும்.

முதல் ஆறு நாட்கள் கேமராவில் மட்டுமே பார்த்தேன். அத்தை நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியே எனக்கு உறுத்தலாக இருந்தது. ஏழாம் நாள் மூலக்கடை நெரிசலைத் தாண்டி மாலை ஆறே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஐந்து மணியோடு பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று காவலாளி தடுத்தார். வாதாடி உள்ளே போனேன். அந்தத் தளத்தில் இருந்த 22 பேருக்கு இரண்டே ஊழியர்கள் இருந்தார்கள். பகல் ஊழியர்கள் ஆறு மணிக்குக் கிளம்பிவிட்டிருந்தனர். ஒரு பாட்டி அழுதுகொண்டிருந்தார், ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், இன்னொருவர் தன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். அத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இடுப்பைச் சுற்றி ஒரு துப்பட்டா பின்பக்கம் முடிச்சிடப்பட்டு, தலை தொங்கிய நிலையில் இருந்தார். கேமராவில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும்.

அந்தி நேரக் கலக்கம் என்பது இந்த நோயில் நன்கு அறியப்பட்ட ஒன்று. பகல் முழுவதும் ஒருவாறு ஓடிய மனம் மாலையில் களைத்துவிடுகிறது. வெளிச்சம் குறைந்து நிழல்கள் நீளும்போது இடம் அந்நியமாகத் தெரிகிறது. உடலின் நாள்கடிகாரமே நோயால் குலைந்திருக்கிறது. "வீட்டுக்குப் போகணும்" என்ற பேச்சு பெரும்பாலும் நான்கு மணிக்கு மேல்தான் தொடங்கும். வாழ்நாள் முழுவதும் நான்கு மணிக்குப் பள்ளி மணி கேட்டு வீடு திரும்பிய அத்தைக்கு அது இன்னும் வலுவாக வந்தது. மாதவரத்திலோ ஆள் அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் ஆள் குறைந்தது. துப்பட்டாவைக் கட்டியவள் ஒடிசாவிலிருந்து வந்த, இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தை "ஒண்ணுக்கு வருதும்மா" என்று பலமுறை சொல்லியும் அவளுக்குப் புரியவில்லை. எழுந்து எழுந்து போனவர் விழுந்துவிடக் கூடாதே என்று கட்டியிருக்கிறாள். நோய் முற்ற முற்றப் பலருக்கு இடையில் கற்ற மொழிகள் கழன்று தாய்மொழியே மிஞ்சும். நாலு வார்த்தை இந்தி தெரிந்த பெரியவர்கள்கூட அந்தக் கட்டத்தில் தமிழிலோ, எங்கள் பகுதியில் பலருக்கு வாய்த்திருப்பது போலத் தெலுங்கிலோதான் தண்ணீர் கேட்பார்கள். இரவு ஊழியருக்கு எந்த மொழி தெரியும் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மருந்துக் கோப்பைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நாங்கள் கொடுத்த பட்டியலில் இல்லாத குவெட்டியாபின் என்ற மாத்திரை நான்காம் நாளிலிருந்து சேர்க்கப்பட்டிருந்தது. "நைட் தூங்காம சத்தம் போட்டாங்க மேடம், டாக்டர் போன்ல சொன்னார்" என்றார் பொறுப்பாளர். இந்த வகை மனநோய் மருந்துகள் மறதிநோயுள்ள முதியவர்களுக்கு இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005லேயே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. லூயி பாடி என்ற வகை மறதிநோய் உள்ளவர்களுக்கோ, இவற்றில் சில உடலை மரக்கட்டை போல இறுக்கிவிடும். வேறு வழியே இல்லாதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு மருத்துவர் எழுதுவது உண்டு. அதை நான் மறுக்கவில்லை. நேரில் பார்க்காமல், குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், ஆள் பற்றாக்குறைக்கு மாத்திரையை ஈடாகக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டிவைப்பது பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகி இறந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது; வேறு வகையில் கட்டுப்படுத்துவதற்கும் கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது. துப்பட்டா சங்கிலி அல்ல என்று பொறுப்பாளர் வாதிட்டார். ஒன்பதாம் நாள் அத்தையை அழைத்து வந்துவிட்டேன். முன்பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மீதிக்குச் 'சேர்க்கைச் செலவு' என்று ரசீது அனுப்பினார்கள்.

மூன்றாவது இல்லத்தைத் திருவொற்றியூரில், தேரடியிலிருந்து நடந்து போகும் தொலைவில் கண்டேன். 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, தண்டையார்பேட்டையிலிருந்து அங்கே போவது எளிதாகிவிட்டது. முற்றம் வைத்த பழைய வீடு. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பிகள் துருவேறியிருக்கும். சுவரில் அங்கங்கே காரை பெயர்ந்திருக்கும். பதினாறு பேர், மாதம் 32,000 ரூபாய். காலையில் பார்த்தபோது மூன்றில் இதுவே எனக்குக் குறைவாகப்பட்டது. இம்முறை அதை வைத்து முடிவு செய்யாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வியாழக்கிழமை ஐந்தே முக்கால் மணிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண் யார் என்ன என்று கேட்டுவிட்டு, "உள்ள வாங்க, ஆனா சத்தமா பேசாதீங்க, இப்பத்தான் எல்லாரும் ஒரு வேலையில உக்காந்திருக்காங்க" என்றார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தும் உள்ளே எல்லா விளக்குகளும் எரிந்தன. இருட்டத் தொடங்கும் முன்பே விளக்கேற்றித் திரைகளை இழுத்துவிட்டால் நிழல் விழுவதில்லை என்று பின்னர் விளக்கினார்கள். முற்றத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரியவர்களில் சிலர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பாட்டிகள் மல்லி தொடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் மடித்த துண்டுகளை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். பதினாறு பேருக்கு ஐந்து ஊழியர்கள் இருந்தனர். எத்தனை மணிக்கு ஆள் மாறுவீர்கள் என்று நடத்துபவரிடம் கேட்டேன். "எட்டரைக்கு மேலதாங்க. எல்லாரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு. ஆறு மணிக்கு ஆள் மாறினா அன்னைக்கு ராத்திரி யாருக்கும் தூக்கம் இருக்காது" என்றார். இரவில் மூன்று பேர் விழித்திருப்பார்கள், அவர்களில் இருவராவது தமிழ் பேசுபவர்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பதிவுச் சான்றிதழையும் தீயணைப்புத் துறை அனுமதியையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பார்க்கத்தான் வேண்டும், மாதவரம் இல்லமும் அவற்றைச் சட்டம் போட்டு மாட்டிவைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த முதல் வாரத்தில் அத்தை நான்கரை மணிக்கெல்லாம் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றுவிடுவாராம். காசிமேட்டிலிருந்து வரும், ஐம்பது வயதுள்ள ஓர் ஆயாம்மாதான் அவருக்கு வழி கண்டுபிடித்தார். "இருங்க டீச்சர், பிள்ளைங்க எல்லாம் வந்தாச்சான்னு அட்டென்டன்ஸ் எடுத்துட்டுச் சேர்ந்தே போலாம்" என்று ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் கொடுத்தார். அத்தை முற்றத்தில் நின்று பெயர் கூப்பிடத் தொடங்கினார். வாயில் வந்த பெயர்களை எல்லாம் கூப்பிடுகிறார். பதினாறு பேரில் யாராவது ஒருவர் "உள்ளேன் டீச்சர்" என்கிறார். பொய் சொல்லி ஏமாற்றுகிறார்களே என்று தொடக்கத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வீட்டில் நான் மூன்று மாதம் "இதுதான் அத்தை உங்க வீடு" என்று உண்மையைச் சொல்லிச் சொல்லி வாதாடியதில் இருவருமே அழுததுதான் மிச்சம். நோட்டு முடிவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடுகிறது.

சாப்பாட்டையும் சொல்ல வேண்டும். மாதவரத்தில் வெளியிலிருந்து வரும் சைவச் சாப்பாடு மட்டுமே. ராயபுரத்தில் பிறந்து மீன் குழம்பில்லாத ஞாயிற்றுக்கிழமையை அறியாத அத்தை அங்கே தட்டைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். திருவொற்றியூரில் ஞாயிறன்று வஞ்சிரம் வாங்கி, முள்ளெடுத்து, சோற்றோடு பிசைந்து தருகிறார்கள். முள் அதிகமுள்ள மீன் வாசலுக்குள் வருவதில்லை. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்குத் தண்ணீரைக்கூடக் கஞ்சி பதத்தில் கெட்டியாக்கித் தருவதையும், நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுவதையும், சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க விடாததையும் பார்த்தேன். உணவு மூச்சுக்குழாயில் இறங்கி வரும் நிமோனியா இந்த நோயாளிகளைப் பெரிதும் பலிகொள்ளும் ஒன்று என்பதால், நான் சமையலறையைவிட ஊட்டும் கையைத்தான் அதிகம் கவனித்தேன். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதுகிறார்கள்: அத்தை சேரும்போது 46 கிலோ, இப்போது 48. படுத்த படுக்கையாக உள்ள இருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து அதையும் நேரம் போட்டுக் குறிக்கிறார்கள். நான் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்க்கக் கேட்டபோது, யாரும் முகம் சுளிக்கவில்லை, புண் இல்லை.

வாசல் கதவு பூட்டித்தான் இருக்கிறது. அலைந்து வெளியேறும் நோயில் அதைத் தவிர்க்க முடியாது. பூட்டு கண்ணில் படாதபடி கதவின் மேல் சுவரின் நிறத்திலேயே ஒரு திரை தொங்குகிறது. நான் கேட்டது சாவி பற்றி. இரவில் மூன்று ஊழியர்களின் இடுப்பிலும் ஒவ்வொரு சாவி இருக்கும் என்று காட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது வெறும் தீ விபத்து பற்றிய கேள்வி மட்டுமன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, சுற்றுவட்டார மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருந்தது. தாமாகத் தப்பி ஓட முடியாத பதினாறு பெரியவர்களை அப்படியொரு இரவில் எப்படிக் கொண்டு போவீர்கள் என்று கேட்டேன். இரண்டு சக்கர நாற்காலிகளையும், அவசரத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்ட பக்கத்துத் தெரு வேன் உரிமையாளரின் எண் எழுதிய அட்டையையும் காட்டினார்கள். இது முழுமையான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற இரண்டு இடங்களில் அந்தக் கேள்விக்குச் சிரிப்புதான் பதிலாக வந்தது.

பணம் பற்றி, வங்கியில் வேலை பார்த்தவள் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சொல்லப்படும் மாதக் கட்டணத்தோடு டயப்பர், மருந்து, இரத்தப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் போனால் உடனிருக்கும் ஆளின் நாள் கூலி ஆகியவையும் சேரும். அத்தைக்கு 32,000 என்பது எல்லா மாதமும் 39,000க்குக் குறையாமல் வருகிறது. மருத்துவமனையில் இருக்கும் நாட்களுக்கும் கட்டணம் உண்டா, இறந்துவிட்டால் அந்த மாதத்தின் மீதிப் பணம் திரும்புமா என்பதைக் கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். இதைவிட முக்கியமானது, நோயாளிகளின் பணத்தையே அவர்களுக்காக எடுக்க முடியாமல் போவது. அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. தேவைப்படும் நேரத்தில்தான் அது செல்லாமல் போகும். அத்தைக்குக் கையெழுத்தும் புரிதலும் இருந்த தொடக்க நாட்களிலேயே அவருடைய சேமிப்புக் கணக்கை இருவரில் ஒருவர் இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றி வைத்தது, நாங்கள் செய்தவற்றிலேயே உருப்படியான காரியம். ஓய்வூதியத்துக்கான ஆண்டு நேர்காணலுக்கு இப்போது கைப்பேசி வழியாகவே உயிர்வாழ்வுச் சான்று அளிக்க முடிவதால், அவரை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

திருவொற்றியூர் இல்லத்திலும் குறைகள் உண்டு. மருத்துவர் வாரம் இரண்டு முறைதான் வருகிறார். உடற்பயிற்சி நிபுணர் வருவதாகச் சொன்ன நாட்களில் பாதி நாள் வருவதில்லை; அத்தையின் முழங்கால் இறுகி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். கழிவறைகள் மூன்றும் வீட்டின் பின்கோடியில் இருப்பதால் இரவில் தூரமாக இருக்கிறது. கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசிப் படம் ஒட்டியிருந்தாலும் தூரம் குறைந்துவிடுமா? மதியம் இரண்டு மணி முதல் தொலைக்காட்சித் தொடர்கள் அலறுகின்றன. கேட்டால் "அவங்களுக்குப் பொழுதுபோகுதும்மா" என்கிறார்கள், பொழுது போவது யாருக்கு என்பது பார்த்தாலே தெரிகிறது. ஐந்தாம் மாதத்தில் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து நெற்றியில் நான்கு தையல் போட நேர்ந்தது. ஆனால் விழுந்த பத்தாவது நிமிடத்தில் எனக்குத் தொலைபேசி வந்தது, எப்படி விழுந்தார் என்பதை மறைக்காமல் சொன்னார்கள், நான் போய்ச் சேர்வதற்குள் அந்த இடத்தில் சொரசொரப்பான ரப்பர் விரிப்பு வந்திருந்தது. அது ஏன் முன்பே இல்லை என்று கேட்டுச் சண்டையும் போட்டேன்.

கட்டணத்தை வரும் ஏப்ரலிலிருந்து 3,000 ரூபாய் உயர்த்தப் போவதாகச் சென்ற வாரம் கடிதம் வந்தது. இரவுக்கு நான்காவது ஆளும், உடற்பயிற்சிக்கு வேறு ஆளும் போட்டால் தருகிறேன் என்று பதில் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்விட்டு ஆறு மணிக்கு இல்லத்துக்குப் போனேன். அத்தை முற்றத்தில் நோட்டோடு நின்றிருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் லேட்டு?" என்றார். மெட்ரோ ரயிலில் கூட்டம் என்றேன். "சரி, போய் உக்காரு" என்று நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.